'தி ஹேட் யூ கிவ்' நாவலைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பது எப்படி?

வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தால் அமெரிக்க எழுத்தாளர் ஆஞ்சி தாமஸ் எழுதிய இந்த நாவலைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், நீங்களும் கூடவே படியுங்கள். 2017-இல் வந்தது. 16 வயதுக் கறுப்பினப் பெண் ஸ்டார், சிறுவயதுத் தோழன் கலீலோடு காரில் போகும்போது ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிறார், கொஞ்ச நேரத்தில் கலீலைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார். துப்பாக்கி என்று அவர் சொல்வது கார்க் கதவில் இருந்த தலைசீவும் பிரஷ். நேரில் பார்த்த சாட்சி ஸ்டார் ஒருத்திதான்.

இது தொடக்கத்திலேயே வந்துவிடும். படித்த அன்றைக்கு மேலே போக வேண்டாம். அதற்குச் சற்று முன்பு, 12 வயதில் பெற்றோர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இருக்கிறது: போலீஸ் நிறுத்தினால் கைகளைத் தெரியும்படி வை, சட்டென்று அசையாதே, அவர்கள் பேசினால் மட்டும் பேசு. பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வேண்டுமென்றால் இதையெல்லாம் சொல்லித்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது. பின்னால் அவள் சாட்சி சொல்லத் தயங்கும்போது "ஏன் இப்படிப் பயப்படுகிறாள்?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் இந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.

அப்புறம் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஸ்டார் சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்ளும் இடங்களையெல்லாம் கோடிட்டுக்கொண்டே வாருங்கள், என்னைக் கேட்டால் இந்த நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வெள்ளையர் பிள்ளைகள் அதிகம் படிக்கும் வில்லியம்சன் பள்ளியில் அவள் தன் பேட்டைப் பேச்சைப் பேசமாட்டாள், கோபத்தைக் காட்டமாட்டாள். பாஸ்கெட்பால் ஆடும்போது தோழி ஹெய்லி, கறுப்பினத்தவரைக் கேலி செய்யப் பயன்படும் பொரித்த கோழியை வைத்து ஒன்று சொல்கிறாள், பிறகு அது விளையாட்டுக்குச் சொன்னது என்கிறாள். அங்கே நிறுத்தி, "நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேளுங்கள். உடனே பதில் வராது, பரவாயில்லை.

ஸ்டார் பகிர்ந்த எம்மெட் டில்லின் புகைப்படம் ஹெய்லிக்குப் பிடிக்காமல் போவதும் வரும். டில் யார் என்று முன்பே சொல்லிவைப்பது நல்லது. 1955-இல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் அடித்து, சுட்டுக் கொன்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன். அவன் தாய் சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார், தன் மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்க வேண்டும் என்று. நாவலின் விதையும் நிஜச் சம்பவம்தான்: 2009-இல் ஓக்லாந்து ரயில் நிலையத்தில் ஆஸ்கர் கிராண்டைப் போலீஸ் சுட்டுக்கொன்றதைத் தொடர்ந்து, மாணவியாக இருந்த தாமஸ் சிறுகதையாக எழுதத் தொடங்கியது இது.

கெட்ட வார்த்தைகள் நிறைய உண்டு. அதற்காக ஒளித்து வைக்காதீர்கள்.

கடைசியில் ஸ்டார் ஒலிபெருக்கியைப் பிடித்துத் தெருவில் பேசுகிறாள், ஆனால் அந்தப் போலீஸ்காரர் மீது வழக்கே நடப்பதில்லை. பேசி என்ன பயன் என்று பிள்ளை ஆத்திரப்பட்டால் சமாதானம் சொல்ல அவசரப்படாதீர்கள், ஆத்திரம் நியாயமானதுதான். இந்த நாவலை வைத்து 2018-இல் வந்த திரைப்படத்தை அதற்குப் பிறகு பாருங்கள். ஸ்டாரின் தம்பி துப்பாக்கியைத் தூக்கும் காட்சி நாவலில் கிடையாது, அதைச் சேர்த்தது சரியா என்று இருவரும் தாராளமாகச் சண்டை போடலாம்.