வாய்ஸ்மெயில்: புதிதாகச் சேருபவர்களுக்கு

எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பது ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற அலுவலகத் தொலைபேசி மென்பொருள். மேசைத் தொலைபேசியில் *97 அழுத்தி, கடவு எண் கொடுத்து உள்ளே போங்கள். முதல் வேலை, 0 அழுத்திப் பிறகு 5: கடவு எண்ணை மாற்றிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் எண்ணையே (உங்கள் மேசைத் தொலைபேசியின் உள் எண்) வைத்துக்கொள்ள வேண்டாம், யாரும் ஊகித்துவிடுவார்கள்.

அதே பட்டியலில் 1, அழைப்பவர் கேட்கும் உங்கள் அறிவிப்பைப் பதிய. இதில் அவசரமே கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள். பெயர், பிரிவு, எத்தனை மணிக்குள் திரும்ப அழைப்பீர்கள் என்பதை நிதானமாகச் சொல்லி # அழுத்துங்கள்; 2 அழுத்திக் கேட்டுப் பாருங்கள், சரியென்றால் 1. ஜிஎஸ்டி தாக்கலுக்கான 20ஆம் தேதி நெருங்கும்போது பதற்றத்தோடு அழைப்பவருக்கு அந்த நேரக் குறிப்புதான் ஆறுதல்.

விடுப்பில் போனால் 0, 4: தற்காலிக அறிவிப்பு. திரும்பிய அன்றே அதை அழித்துவிடுங்கள். இல்லையேல் வழக்கமான அறிவிப்பு ஒலிக்காது.

உள்ளே போனதும் வரும் முதல் பட்டியலில், வந்த செய்தி கேட்க 1; கேட்டதை நீக்க 7. எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே நீக்குங்கள்.