பெருவிரல் புடைப்பு அறுவை: துளை சிறியது, வேலை சிறியதல்ல

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவில் கம்பூட்ஸோடு ஏறி இறங்குகிறவர்களுக்குப் பெருவிரல் புடைப்பின் (கால் பெருவிரலின் அடியில் உள்பக்கமாகத் துருத்தி நிற்கும் bunion) வேதனையை விளக்கத் தேவையில்லை. இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்கும்போதெல்லாம் பூட்ஸ் அந்த இடத்திலேயே உரசும். துளை வழி அறுவை என்றதும் நிம்மதிதான். ஆனால் “புடைப்பைச் சீவிவிடுவார்கள், ரெண்டு நாளில் தோட்டத்துக்குப் போயிடலாம்” என்று நினைப்பதுதான் முதல் தவறு.

பெரும்பாலும் அங்கே புதிதாக எலும்பு வளர்ந்திருப்பதில்லை. பெருவிரலுக்குப் பின்னாலிருக்கும் நீள எலும்பின் தலை, அதாவது முன்முனை, அடுத்த காலின் பாதத்தை நோக்கி ஒதுங்கியிருக்கிறது. அந்த எலும்பைக் குறுக்கே முழுசாக வெட்டி, தலையை நகர்த்தி, ஸ்க்ரூ போட்டு நிறுத்த வேண்டும். இத்தனையும் சில மில்லிமீட்டர் துளை வழியாக. அதனால் ஒதுங்கலின் அளவு முன்பே சரியாகத் தெரிய வேண்டும். படுத்தபடி எடுத்த எக்ஸ்ரே அதைக் குறைத்துக் காட்டிவிடும். நின்றபடி எடுத்ததைத்தான் நம்பலாம்.

எலும்பை நேரில் பார்க்க முடியாது என்பதால்தான் கைடு கருவி. நகர்த்திய தலையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய கம்பி எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்று அது காட்டும். நடுவில் ஓட்டையுள்ள ஸ்க்ரூ பிறகு அந்தக் கம்பியின் மேலேறிப் போகும். கருவி பிடித்துவிட்டது, இனி எல்லாம் சரி என்று இருந்துவிடுவதுதான் அறுவை அரங்கில் நடக்கக்கூடிய பெரிய தவறு. கெட்டியான எலும்புச் சுவரில் கம்பி வழுக்கும். சி-ஆர்ம் (அறுவை நடக்கும்போதே படம் காட்டும் எக்ஸ்ரே கருவி) திரையில் மேலிருந்து பார்த்தால் கச்சிதமாக இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் தலைக்கு வெளியே போயிருக்கும். இரண்டு பக்கமும் பார்த்தே தீர வேண்டும். பிடிமானத்துக்கான ஸ்க்ரூ எலும்புத் தண்டின் இரு சுவர்களையும் கடந்து தலைக்குள் போக வேண்டும். தண்டின் உள்குழிக்குள்ளேயே ஓடினால் பிடிப்பு தளரும். கம்பியாக இருக்கும்போது திருத்துவது எளிது. அதற்காகத் திரும்பத் திரும்பத் துளைத்தாலும் எலும்பு பலவீனமாகும். என்னைக் கேட்டால், இந்த அறுவையில் பொறுமை அதிகம் வேண்டியது கம்பி போடும் அந்த நேரத்தில்தான்.

எலும்பை வெட்டும் பர் (சுழலும் சின்ன வெட்டு முனை) வேகமாகச் சுழன்றால் சூட்டில் எலும்பும் தோலும் கருகும். மெதுவாகச் சுழற்றி, சலைன் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு மலைக்கே உரிய தவறுகள் சில உண்டு. கோவையில் அறுவை முடித்து, மேட்டுப்பாளையம் மலைப்பாதை முழுக்கக் காலைத் தொங்கவிட்டு வந்தால் பாதம் வீங்கிவிடும். பின் இருக்கையில் தலையணை வைத்துக் காலை நீட்டி வாருங்கள். மரத்துப்போக ஊசி போட்ட பாதத்துக்குச் சூடு தெரியாது. குளிருக்குக் கணப்பருகே நீட்டினாலோ வெந்நீர்ப் பை வைத்தாலோ கொப்புளம் வந்துவிடும். கட்டின் மேல் இறுக்கமான கம்பளி சாக்ஸும் வேண்டாம்.

தடித்த அடியுள்ள தனிச் செருப்பு பொதுவாக 6 வாரம். லைன் வீட்டுப் படிகளில் ஒருவர் துணையோடுதான் இறங்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் பாத ரத்த ஓட்டத்தை அறுவைக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். புகை பிடிப்பவர் நிறுத்தாவிட்டால் வெட்டிய எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும். வீக்கம் சில மாதம்கூட நீடிக்கலாம். அதுவரை பழைய கம்பூட்ஸுக்குள் காலைத் திணிக்காதீர்கள்.