புற்றுநோயிலிருந்து மீண்டவர் தலைமையில் நிதி திரட்டும் மலையேற்றம்: திட்டமிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவர் தலைமையேற்று, நிதி திரட்டுவதற்காக ஒரு குழுவை மலைக்கு அழைத்துச் செல்வது புதிய முயற்சியன்று. 1995இல் அமெரிக்காவைச் சேர்ந்த லாரா எவன்ஸ், தம்மைப் போலவே மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களை ஒன்றுசேர்த்து, ஆராய்ச்சி நிதிக்காக அர்ஜென்டினாவின் அகோன்காகுவா மலைக்கு அழைத்துச் சென்றார். 2002இல், புற்றுநோயிலிருந்து மீண்ட அமெரிக்கரான ஷான் ஸ்வார்னர், ஒரு நுரையீரல் மட்டுமே செயல்படும் நிலையில் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். இத்தகைய பயணத்தைத் திட்டமிடுவோர், எந்த மலைக்குச் செல்வது என்று முடிவு செய்வதற்கு முன்பே, தலைவர் பாதி வழியில் திரும்ப நேர்ந்தால் பயணமும் நிதியும் என்னவாகும் என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும்.

“உச்சியைத் தொட்டால் இவ்வளவு தருகிறோம்” என்னும் வாக்குறுதியை, அது எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும், ஏற்காதீர்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறையும்போது தீர்மானிக்கும் திறனும் மங்குகிறது; அந்த நிலையில், தம்மை நம்பிப் பலர் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணம், தலைவலியையும் மூச்சுத்திணறலையும் மறைக்கத் தூண்டும். நன்கொடை முயற்சிக்காகவே பெறப்பட வேண்டும். ஆள் சேர்ப்பதும் நிதி கோருவதும் குழுவுக்கு ஊக்கமளிப்பதும் தலைவரின் பொறுப்பு. ஒருவரைக் கீழே இறக்கும் அதிகாரம், தலைவர் உட்பட எவரையும் இறக்கும் அதிகாரம், தொழில்முறை வழிகாட்டிக்கோ குழு மருத்துவருக்கோ உரியது என்பதைப் புறப்படும் முன் எழுத்தில் வையுங்கள். துணைத் தலைவர் ஒருவரையும் அப்போதே நியமித்துவிடுங்கள்.

மருத்துவ ஆயத்தத்தில் எந்தச் சலுகையும் கூடாது. “உடல்நிலை நன்றாக உள்ளது” என்னும் ஒரு வரிச் சான்றிதழ் இதற்குப் போதாது. தலைவர் பெற்ற ஒவ்வொரு மருந்தின் பெயரும் மொத்த அளவும், கதிர்வீச்சு பாய்ச்சப்பட்ட இடமும் அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டுப் பெறுங்கள். டாக்சோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் இதயத்தைப் பலவீனப்படுத்தும் விளைவு, சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம் என்பதால், எக்கோ பரிசோதனை அவசியம். பிளியோமைசின் என்னும் புற்றுநோய் மருந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. அதைப் பெற்றவருக்கு மிகுதியான ஆக்சிஜன் கொடுப்பதும் தீங்காகலாம். எனவே, அவசர நேரத்தில் எந்த அளவில் கொடுப்பது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, வழிகாட்டியின் கையில் இருக்கும் அட்டையில் எழுதிவையுங்கள். புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலோடு, மலை உயர மருத்துவம் அறிந்த ஒருவரின் கருத்தும் தேவை.

சிறியவை போலத் தோன்றும் சில பின்விளைவுகளே மலையில் பெருந்தொல்லையாகின்றன. வின்கிரிஸ்டின், சிஸ்பிளாட்டின், பாக்லிடாக்சல் ஆகிய புற்றுநோய் மருந்துகளால் கால்விரல்களில் உணர்ச்சி குன்றியவருக்குக் கொப்புளமோ பனிக்கடியோ வலியாகத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு மாலையும் கூடாரத்துக்குள் காலுறையைக் கழற்றி, தலைவிளக்கு வெளிச்சத்தில் விரல் விரலாக, விரலிடுக்குகளையும் விலக்கி, இன்னொருவர் பார்க்க வேண்டும். கால்களைத் தாமே பார்த்துக்கொள்வதாக அவர் சொன்னாலும் இந்த வழக்கத்தைக் கைவிடாதீர்கள். கீமோதெரபிக்காகக் காறை எலும்பின் கீழே போர்ட் (தோலுக்கடியில் பொருத்தி மருந்து செலுத்தும் சிறு கருவி) வைத்து எடுத்த தழும்பின் மேலேயே முதுகுப்பையின் வார் அமர்வதுண்டு. அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டிருந்தால், அதே வார் அழுத்தி அந்தப் பக்கத்துக் கை வீங்கவும் கூடும். பயிற்சி நடைகளில் தொடக்கத்தில் சிறு சுமையுடன் நடந்து, படிப்படியாக முழு எடைக்கு உயர்த்திப் பார்த்தால் இவை ஊரிலேயே தெரிந்துவிடும்.

மலையைப் பொறுத்தவரை, தான்சானியாவிலுள்ள, 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவைப் பல நிதிப் பயணங்கள் தேர்ந்தெடுக்கின்றன. வழக்கமான பாதைகளில் கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படாது. அந்த எளிமையே பலரை அவசரமாக ஏற வைக்கிறது. ஏறத்தாழ 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியே. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமலும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் அதே உயரத்தில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கியும் செல்வதே மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முறை. கிளிமஞ்சாரோவில் இதை முழுமையாகக் கடைப்பிடிப்பது கடினம் என்பதால், கூடுதல் செலவானாலும் எட்டு நாள் திட்டத்தையே தேர்ந்தெடுங்கள். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை உட்கொள்வதாக இருந்தால், தலைவர் தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகளோடு அது ஒத்துப்போகுமா என்று கேளுங்கள்.

பயணச் செலவு வேறு, நன்கொடை வேறு. நன்கொடை அறக்கட்டளையின் கணக்குக்கே நேராகச் செல்லட்டும். பயணச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது வேண்டுகோளிலேயே தெளிவாக இருக்கட்டும். காப்பீட்டில் பழைய நோயை மறைக்காதீர்கள். ஹெலிகாப்டர் மீட்பு எந்த உயரம் வரை அடங்கும் என்று எழுத்தில் பெறுங்கள்.

வேண்டுகோளை எழுதும்போது, “மனவுறுதியால் நோயை வென்றவர்” என்பது போன்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிகிச்சை பலன் தராத ஒருவரின் குடும்பத்தினரும் அதைப் படிப்பார்கள். அவர்களுடைய அன்புக்குரியவருக்கு மனவுறுதி குறைவாக இருந்ததில்லை. தலைவரின் நோய் விவரங்களில் எவற்றை வெளியிடலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவருடைய தொடர் பரிசோதனைத் தேதிகளை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றில் ஒன்றுகூடத் தள்ளிப்போகாதபடி பயண நாள்களை அமைத்துக்கொள்ளுங்கள்.