மடிக்கணினி நிஜமாகவே மடியும்போது: செயலி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மடிக்கணினி என்ற சொல்லை உண்டாக்கியவர்கள் நினைத்தது, உட்கார்ந்தால் கிடைக்குமே, அந்த மடியை. இப்போது திரையே புத்தகம்போல இரண்டாக மடிகிறது. சொல்லுக்கு இரண்டாவது அர்த்தமும் வந்துவிட்டது. செயலி எழுதுகிற எங்களுக்குத்தான் இன்னும் புத்தி வரவில்லை.

இந்த வருடம் எங்கள் குழுவில் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். மடங்கும் திரைக்கு ஒரு சிறு செயலி செய்து பாருங்கள் என்று வேலை கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர்கள் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தால், சில வருடம் முன்பு நான் விழுந்து எழுந்த அதே குழிகள், வரிசை மாறாமல். பட்டன் சிறியதாக இருக்கக் கூடாது, விரல் சரியாகப் படும் அளவாவது வேண்டும் என்பதையெல்லாம் எல்லா வழிகாட்டிகளும் சொல்லிவிட்டன. அதை விட்டுவிடுகிறேன்.

திரையின் அளவை வைத்து முடிவு செய்வது

“அகலம் இத்தனைக்கு மேல் என்றால் டெஸ்க்டாப், குறைந்தால் டேப்லெட்.” இரண்டு பிள்ளைகளும் இந்த வரியை எழுதியிருந்தார்கள்.

2022-இல் வந்த ஏசுஸ் ஜென்புக் 17 ஃபோல்டை எடுத்துக்கொள்வோம். முழுதாக விரித்துக் கையில் பிடித்தால் 17.3 அங்குல டேப்லெட், எல்லாமே விரல்தான். பாதி மடக்கி, கீழ்ப்பாதியின் மேல் கீபோர்டை உட்காரவைத்தால் கண்ணுக்கு மிஞ்சுவது 12.5 அங்குலம், டச்பேடும் கீபோர்டும் கைக்கு வருவது அப்போதுதான். பெரிதாக இருக்கும்போது டேப்லெட், சிறுத்ததும் லேப்டாப். நம்முடைய வரி அப்படியே தலைகீழாக வேலை செய்யும். போதாததற்கு, அதே 17.3 அங்குலத்தை மேசையில் நிறுத்தி முன்னால் கீபோர்டை வைத்தால் அது டெஸ்க்டாப்.

சரி, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாமா? அதுவும் வேலைக்கு ஆகாது. நானே கீபோர்டில் தட்டிக்கொண்டே பெருவிரலால் திரையை மேலே தள்ளுகிற ஆள். ஒரே நிமிடத்தில் மூன்று கருவி மாறும். சாதனத்தைப் பார்த்து “நீ யார்” என்று கேட்காமல், வந்து விழுகிற ஒவ்வொரு தொடுதலையும் பார்த்து “நீ விரலா, பேனாவா, மவுஸா” என்று கேட்க வேண்டும். இணையத்தில், பிரவுசர் தரும் பாயின்டர் ஈவன்ட்ஸ் என்ற வசதி இதை நேரடியாகச் சொல்லிவிடும். 2015-லிருந்தே அது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரமாக இருக்கிறது.

விண்டோஸ் 10-இல் கீபோர்டைக் கழற்றினால் “டேப்லெட் மோடுக்கு மாறட்டுமா?” என்று ஒரு பெட்டி எழுந்து வந்து கேட்கும். 2021-இல் வந்த விண்டோஸ் 11 அந்த மோடையே தூக்கிவிட்டது. அது வந்த புதிதில், கீபோர்டைக் கழற்றினால் டாஸ்க்பார் ஐகான்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றன, அவ்வளவுதான். எனக்கு அது சரியாகப் படுகிறது. விரல் வந்தால் இடைவெளி கூடட்டும். பட்டன் இருக்கிற இடத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

மடிப்புக் கோட்டின் மேல் பட்டன்

வைக்காதீர்கள்.

மடித்த நொடியில் வேலையைத் தொலைப்பது

இதை நினைத்தாலே இன்னும் எரிச்சல் வருகிறது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

சில வருடம் முன்பு ஒரு நிறுவனத்துக்காகக் கள ஆய்வுச் செயலி செய்து கொடுத்தோம். வீடு வீடாகப் போய் 47 கேள்வி கேட்டு நிரப்ப வேண்டும். ஆய்வாளர்கள் கையில் மடங்கும் ஆண்ட்ராய்டு சாதனம். விரித்தால் டேப்லெட், மடித்தால் சட்டைப்பைக்குள் போன். முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். ஆய்வாளர் திண்ணையில் உட்கார்ந்து 38-ஆம் கேள்விவரை வந்துவிட்டார். வீட்டு அம்மா டீ கொண்டுவந்தார். டம்ளரை வாங்க ஒரு கை வேண்டுமே, சாதனத்தைச் சட்டென்று மடித்துப் பக்கத்தில் வைத்தார். குடித்துவிட்டு விரித்தார். முதல் பக்கம். பெயர்க் கட்டம் காலி. கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். “உங்க பேரும்மா?” என்று மறுபடி ஆரம்பித்தார். “இப்பத்தானே தம்பி சொன்னேன்” என்றார் அந்த அம்மா.

நடந்தது இதுதான். திரையின் அளவோ அடர்த்தியோ மாறினால், நாம் வேறு மாதிரி சொல்லி வைக்காதவரை, ஆண்ட்ராய்டு அந்த ஆக்டிவிட்டியை, அதாவது செயலியின் அந்தத் திரையை, அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும். மடித்ததில் ஒரு தடவை, விரித்ததில் ஒரு தடவை. சாதாரண எழுத்துக் கட்டத்துக்கு ஐடி என்ற அடையாளப் பெயர் கொடுத்திருந்தால், அதிலிருந்த எழுத்தை ஆண்ட்ராய்டே எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடும். எங்கள் படிவமோ சர்வரிலிருந்து வரும் பட்டியலைப் பார்த்து ஓடும்போதே கட்டங்களை உண்டாக்கியது. எதற்கும் ஐடி இல்லை. எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்ற எண்கூட ஆக்டிவிட்டிக்குள் ஒரு சாதாரண மாறியில், அதாவது தற்காலிக நினைவில்தான் கிடந்தது. ஆக்டிவிட்டி போனதும் அதுவும் கூடவே போய்விட்டது.

அன்று ராத்திரி நான் செய்த வைத்தியம் வியாதியைவிட மோசம். முதலில் திரையை நிமிர்ந்த வாக்கில் பூட்டினேன். மடிப்பது திருப்புவது அல்லவே. அளவு மாறத்தானே செய்யும்? பிரயோஜனமே இல்லை. (இப்போது ஆண்ட்ராய்டு 16-ஐக் குறிவைத்து எழுதும் செயலிகளில், பெரிய திரை என்றால் அந்தப் பூட்டையே இயங்குதளம் பொருட்படுத்தாது.) அடுத்து மேனிஃபெஸ்டில் (செயலியைப் பற்றி ஆண்ட்ராய்டுக்குச் சொல்லும் கோப்பு) போய், அளவு மாறினால் என்னிடம் சொல், நானே பார்த்துக்கொள்கிறேன், ஆக்டிவிட்டியை அழிக்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். வேலை செய்தது. இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் ஒருவர் புளூடூத் கீபோர்டை இணைத்தார். அதுவும் ஆண்ட்ராய்டு கணக்கில் ஒரு மாற்றம்தான். படிவம் காலி. இன்னொருவருக்குச் சாயங்காலம் டார்க் மோடு தானாக மாறியது. காலி. ஒவ்வொன்றாக அந்த வரியில் சேர்த்துக்கொண்டே போனேன், ஓட்டைக் குடத்தில் விரலை வைத்து அடைக்கிற மாதிரி. கடைசியில் ஒருவர் படிவத்திலிருந்து கேமராவைத் திறந்து போட்டோ எடுத்தார். மெமரி போதாமல் பின்னணியில் இருந்த செயலியையே ஆண்ட்ராய்டு கொன்றுவிட்டது. அதற்கு எந்த மேனிஃபெஸ்ட் வரியும் உதவாது.

இதெல்லாம் என் கவனக்குறைவு மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. இரண்டு இயங்குதள மரபுகள் மோதுகிற இடம் இது. டெஸ்க்டாப்பில் ஜன்னலை இழுத்துச் சிறிதாக்கினால் உள்ளே எழுதியது போய்விடும் என்று யாராவது பயப்படுவார்களா? நாம் மூடும்வரை ஜன்னல் உயிரோடு இருக்கும் என்பது அங்கே எழுதப்படாத வாக்கு. மொபைலில் வாக்கு வேறு: இயங்குதளம் எப்போது வேண்டுமானாலும் செயலியைக் கொல்லலாம், பதிலுக்கு எல்லாவற்றையும் செயலி தானே சேமித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டுமே அததன் இடத்தில் நியாயம்தான். மடங்கும் சாதனத்தில் என்ன நடக்கிறதென்றால், பயனர் டெஸ்க்டாப் நம்பிக்கையோடு வந்து உட்காருகிறார். அடியில் மொபைல் சட்டம் ஓடுகிறது. செயலி எழுதியவர், அதாவது நான், “சேமி” என்று ஒரு பட்டனைக் கடைசிப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

கடைசியில் செய்தது எளிது. கட்டத்தை விட்டு விரல் நகர்ந்ததும் பதில் சாதனத்திலேயே எஸ்க்யூஎல்லைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் எழுதப்படும். திரையில் தெரிவது அதன் நிழல் மட்டுமே. திரைக்கான தகவலை நினைவில் வைத்திருக்கும் வியூமாடல் என்ற ஆண்ட்ராய்டு வசதி மடிப்பைத் தாண்டும், செயலியின் சாவைத் தாண்டாது. இது தெரியாமல் அதை மட்டும் நம்புகிறவர்களைத்தான் இப்போது அதிகம் பார்க்கிறேன். இதைப் பரிசோதிக்க மடங்கும் சாதனமே தேவையில்லை. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் “டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்” (விட்டு நகர்ந்ததும் திரையை அழித்துவிடு) என்பதைப் போட்டுவிட்டு உங்கள் செயலியை ஒரு மணி நேரம் பயன்படுத்துங்கள், போதும். மூன்று வார வேலையை நாங்கள் காசு வாங்காமல் திரும்பச் செய்தோம்.

ஹோவரில் ஒளித்து வைப்பது

மவுஸ் மேலே வந்தால் மட்டும் தெரிகிற டெலீட் பட்டன், விரல்காரருக்கு இல்லாத பட்டன்.

கலப்பது என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது என்று நினைப்பது

டெஸ்க்டாப், மொபைல் இரண்டு இயங்குதளத்தையும் கலக்கலாமா என்று பேச்சு வந்தால், ஒரு பக்கத்தார் உடனே ஆப்பிளின் டிம் குக் 2012-இல் சொன்ன டோஸ்டரையும் ஃப்ரிட்ஜையும் எடுத்துப் போடுவார்கள்: இரண்டையும் ஒன்றாக்கலாம், ஆனால் யாருக்கும் பிடிக்காது. அதே வருடம் அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 அவர்களுக்கு வசமாக மாட்டியது. ஸ்டார்ட் பட்டனைக் காணோம். செட்டிங்ஸ் விரலுக்கு ஒன்று, கன்ட்ரோல் பேனல் மவுஸுக்கு ஒன்று. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே இரண்டு. அதைக் கலப்பு என்று சொல்வதே தப்பு. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துத் தனித்தனியாகச் சமைப்பது அது. அடுத்த வருடம் 8.1-இல் ஸ்டார்ட் பட்டன் திரும்பி வந்தது.

கலக்கலாம் என்பதுதான் என் கட்சி, வரிசை மட்டும் முக்கியம். ஐபேட் போன வழியைப் பாருங்கள். 2020 மார்ச்சில் மவுஸ் அம்பைச் சேர்த்தார்கள். அதுவும் அம்பாக இல்லை, விரல் நுனி மாதிரி ஒரு வட்டம், பட்டன் மேல் போனால் அந்தப் பட்டனின் வடிவமாகவே மாறிவிடும். இழுத்துப் பெரிதாக்கும் ஜன்னல்களும் மெனு பாரும் எல்லோருக்கும் வர 2025 ஆயிற்று. ஐபேட் மடங்காது என்பது வேறு விஷயம். மடங்கும் பக்கம் பார்த்தால், அதற்கென்றே எழுதிய விண்டோஸ் 10எக்ஸ் 2021-இல் கைவிடப்பட்டது. விற்பனைக்கு வந்த முதல் மடங்கும் பிசியான லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 ஃபோல்டு சாதாரண விண்டோஸ் 10-ஓடுதான் வந்தது. மடிப்பைப் பற்றி எதுவும் தெரியாத இயங்குதளத்தின் மேல், திரையை இரண்டாகப் பிரிக்கத் தயாரிப்பாளரே ஒரு சின்ன மென்பொருளை ஒட்டவைக்க வேண்டியிருந்தது. 2025-இல் ஹுவாவே தன் 18 அங்குல மேட்புக் ஃபோல்டுக்குத் தன்னுடைய ஹார்மனி ஓஎஸ்ஸையே கொடுத்துவிட்டது.

எந்த ஐகான் எங்கே என்பதைக் கடைசியில் சண்டை போட்டுக்கொள்ளலாம். மடித்தாலும் விரித்தாலும் என் ஜன்னல் உயிரோடு இருக்குமா, இருக்காதா? இதற்கு இயங்குதளம் ஒரே பதில் சொல்லிவிட்டால் மிச்சம் தானாக வரும்.

எமுலேட்டரில் மட்டும் பார்ப்பது

எமுலேட்டரில், அதாவது கணினிக்குள் ஓடும் போலிச் சாதனத்தில், மடிப்பு என்பது மவுஸால் நகர்த்தும் ஒரு ஸ்லைடர். அதில் கை வலிக்காது. செங்குத்தான திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கை விழுந்துவிடும் என்று ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-லேயே மேடையில் சொன்னார். பாதி மடித்து மேசையில் வைத்தால் மேல்பாதி செங்குத்துதான். அடிக்கடி தொடுகிற பட்டனைக் கீழ்ப்பாதிக்குக் கொண்டுவாருங்கள். இது எனக்குத் தெரிந்தது, நிஜ சாதனத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு.

நேற்று புதியவர்களில் ஒரு பையன் சாதனத்தைக் கொண்டுவந்து நீட்டினான். சரி பண்ணிட்டேன் சார், பாருங்க என்றான். பாதி வாக்கியம் தட்டினேன், மடித்தேன், விரித்தேன். எழுத்து அப்படியே இருந்தது. கர்சர் மட்டும் முதல் கட்டத்துக்குப் போயிருந்தது. ஒன்றும் சொல்லாமல் அதைக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன். அவனும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனான்.