மாதா கோயில் தேடி வரப்பில் நடப்பவர்கள் செய்யும் தவறுகள்

காவிரி டெல்டாவின் பழைய கிராமத்துக் கிறிஸ்தவக் கோயில்களை நடந்தே பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். சிலர் கதவு வரைக்கும்கூட வந்து சேர்வதில்லை. நடுவில் வாய்க்கால் குறுக்கிடும், பாலம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அதோடு பஸ்ஸைத் தேடிப் போய்விடுவார்கள். போனில் வரைபடத்தை மட்டும் பார்த்து நாள் குறித்தால் இப்படித்தான் ஆகும். ஆற்றில் எப்போது தண்ணீர் ஓடும், கோயிலில் எந்தக் கிழமை பூசை என்ற இரண்டையும் விசாரித்துவிட்டுக் கிளம்பினால் பாதித் தொல்லை வராது.

மாதத்தைத் தப்பாகப் பிடிப்பது

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12, மூட வழக்கமான நாள் ஜனவரி 28. அணையின் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். நடுவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பச்சை பார்க்க வேண்டும் என்று நவம்பரில் வருகிறவர்கள் களிமண்ணில் மாட்டுவார்கள். பழைய டெல்டாவின் களி செருப்பில் அப்பி, பத்தடிக்குள் காலை இழுக்க வைத்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கணுக்கால் பிசகுவது அப்போதுதான் அதிகம். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் மணல் கலந்த மண் என்பதால் மழை விட்ட மறுநாளே நடக்கலாம்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். சம்பா அறுவடை முடிந்து வரப்பு காய்ந்திருக்கும், பனி விலகியதும் வெளிச்சம் நன்றாக இருக்கும். ஆனால் மிகப் பெரிய தவறு நடப்பதும் இந்த மாதங்களில்தான். அறுத்த வயல் சும்மா கிடக்கிறது என்று நினைத்து உள்ளே இறங்கிக் குறுக்கே நடந்துவிடுகிறார்கள். டெல்டாவில் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிஞ்சிய ஈரத்திலேயே அது முளைத்து வளரும். நெல் தாளுக்கு நடுவே இரண்டு இலையோடு நிற்கும் உளுந்து தூரப் பார்வைக்குத் தெரியாது. நாலு பேர் வரிசையாக நடந்தால் ஒரு குடும்பத்தின் கோடை வருமானத்தில் ஒரு தடம் விழுந்துவிடும்.

ஜூன், ஜூலையில் வந்தால் வேறு சங்கடம். நடவுக்கு முன் வரப்பின் அண்டையை வெட்டி, சேற்றை அணைத்துப் பூசியிருப்பார்கள். காய்வதற்குள் அதில் கால் வைத்தால் பள்ளம் விழுந்து, கட்டிய தண்ணீர் அடுத்த வயலுக்குக் கசியும். பூசிய ஈரம் மின்னினால் அந்த வரப்பை விட்டுவிட்டு வண்டிப்பாதையில் சுற்றிப் போங்கள்.

தண்ணீரைக் குறுக்கே கடப்பது

வரைபடத்தில் பூண்டி மாதா கோயிலும் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலும் ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடியவை போலத் தெரியலாம். பூண்டி கொள்ளிடத்துக்குத் தெற்கே இருக்கிறது, ஏலாக்குறிச்சி வடக்கே. கடக்க வேண்டுமானால் தஞ்சாவூர்–அரியலூர் சாலையில் விளாங்குடிக்கும் திருமானூருக்கும் நடுவில் உள்ள பாலத்துக்கு வர வேண்டும். கோடையில் மணல் காய்ந்து கிடக்கிறதே என்று ஆற்றில் இறங்காதீர்கள். மணல் அள்ளிய குழிகள் ஆள் ஆழத்துக்கு மேலும் இருக்கும், மேலே ஓடும் மெல்லிய தண்ணீர் அதை மறைத்துவிடும். மழைக்காலத்தில் முக்கொம்பிலிருந்தோ கல்லணையிலிருந்தோ உபரி நீரைத் திறந்தால் அது வருவதும் கொள்ளிடத்தில்தான்.

வாய்க்காலுக்கு ஊர்க்காரர்களிடம் "பாலம் எங்கே?" என்று கேட்டால் வண்டி போகும் பாலத்தைச் சொல்வார்கள். "நடந்து போக மதகு இருக்கா?" என்று கேளுங்கள். பனைமரத்தைப் போட்டு வைத்த பாலத்தில் ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும், பாசி படிந்திருந்தால் போகவே கூடாது.

வேகத்திலும் கணக்குத் தப்பும். தார்ச்சாலையில் மணிக்கு நாலு கிலோமீட்டர் நடப்பவர் வரப்பில் இரண்டு, இரண்டரைதான் நடப்பார். ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டரும் இரண்டு கோயிலும் போதும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், வயல்வெளியில் நிழல் கிடையாது.

எலியும் தவளையும் உள்ள இடத்தில் பாம்பும் இருக்கும். அறுவடை நேரத்தில் கண்ணாடி விரியன் வைக்கோல் போரிலும் வரப்பு வளையிலும் கிடக்கும். கணுக்கால் மறைக்கும் ஷூ, கையில் ஒரு தடி, இருட்டியபின் டார்ச் போதும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதையும் செய்யாமல், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயலோரம் தாழ்வாக இழுத்த ஒற்றைக் கம்பி எதையும் தொடாதீர்கள். பன்றிக்கும் எலிக்கும் திருட்டுத்தனமாக மின்சாரம் கொடுக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சாவியைக் கடைசியில் தேடுவது

கத்தோலிக்கப் பங்கு என்றால் தாய்க்கோயில் ஒன்று, அதைச் சேர்ந்த கிளைக் கிராமங்கள் சில. பங்குச் சாமியார் தாய்க்கோயிலில் இருப்பார். கிளையில் வாரத்துக்கு ஒரு பூசையோ மாதத்துக்கு ஒன்றோதான், மற்ற நாளெல்லாம் பூட்டு. சாவி உபதேசியாரிடமோ (ஊரில் செபம் சொல்லிக்கொடுப்பவர்) கோயில்பிள்ளையிடமோ (கோயிலைப் பார்த்துக்கொள்பவர்) இருக்கும். லுத்தரன் சபை என்றால் சபைகுருவின் வீட்டில் கேட்க வேண்டும். முதல் நாளே தாய்க்கோயிலுக்குப் போன் செய்து சொல்லிவிட்டால் கிளைக்குத் தகவல் போய்விடும். காலை ஏழு முதல் பத்து, மாலை நாலு முதல் ஆறு நல்ல நேரம். பகல் ஒரு மணிக்கு வயலிலிருந்து வந்து சாய்ந்திருக்கும் மனிதரை எழுப்பிச் சாவி கேட்பது நியாயமே இல்லை. அவர் கையில் காசைத் திணிக்க வேண்டாம், உண்டியலில் போடுங்கள்.

திருவிழா நாளில் கட்டடம் பார்க்கப் போவதும் வீண். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அதற்கு முந்தைய வாரங்களிலேயே காவி உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் சாலை ஓரங்களை நிறைத்துவிடுவார்கள். பந்தலும் சீரியல் விளக்கும் முகப்பை மூடியிருக்கும்.

உள்ளே போகும்போது செருப்பை வெளியே விடுங்கள். பீடத்துக்கு முன் உள்ள கிராதியை (தடுப்புக் கம்பியை) தாண்டக் கூடாது. நற்கருணை அப்பத்தை வைத்திருக்கும் பேழைக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தால் ஊர்க்காரர்கள் முழந்தாளிடும் இடம் அது. அங்கே டிரைபாட் விரிக்காதீர்கள். மணிக்கயிற்றைச் சும்மா இழுத்துப் பார்ப்பது விளையாட்டல்ல. மூவேளை செபத்துக்கு அடிக்கும் மணி வேறு, சாவுக்கு அடிக்கும் மணி வேறு. நேரம் கெட்ட நேரத்தில் மணி கேட்டால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று ஊர் ஓடி வரும். மணிக்கூண்டில் ஏறுவதையும் விட்டுவிடலாம். மரப்படி கரையான் தின்றிருக்கும், மேலே மலைத்தேனீ கட்டியிருக்கும்.

பலகையில் உள்ள ஆண்டை அப்படியே நம்புவது

படித்தவர்களும் தவறுவது இங்கேதான். முகப்பில் எழுதிய ஆண்டு சபை தொடங்கிய ஆண்டாக இருக்கலாம், முதல் கட்டடத்தின் ஆண்டாக இருக்கலாம், பழுது பார்த்த ஆண்டாகவும் இருக்கலாம். தரங்கம்பாடியையே பாருங்கள். லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்தார். அவர் 1707இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயம் இன்று இல்லை. இப்போது நிற்பது 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். அதே தெருவில் உள்ள சீயோன் ஆலயம் 1701ஐச் சேர்ந்தது, டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டியது. அதை இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் ஆலயம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் சென்னைக் கோட்டைக்குள் உள்ள தூய மரியாள் ஆலயம் 1680லேயே வந்துவிட்டது.

பெயர் பெற்றவர்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது இன்னொரு வழக்கம். கொள்ளிடக் கரையில் எந்தப் பழைய கோயிலைக் கேட்டாலும் வீரமாமுனிவர் கட்டியது என்பார்கள். அவர் தமிழ்நாட்டுக்கு வந்தது 1710ஐ ஒட்டி, இறந்தது 1747இல். இதற்கு வெளியே விழும் ஆண்டு என்றால் கதையைத் தள்ளிவையுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் பெயர் பெற்ற லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் என்றால் 1750 முதல் 1798 வரை. டேனிஷ்காரர்களையும் டச்சுக்காரர்களையும் குழப்பாதீர்கள்: தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ் கையில் (நடுவில் சில ஆண்டு ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்தார்கள்), நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில்.

அடிக்கல்லில் ஆயர் (பிஷப்) பெயரோ மறைமாவட்டத்தின், திருச்சபையின் பெயரோ இருந்தால் அதுவும் உதவும். கும்பகோணம் மறைமாவட்டம் 1899இல் வந்தது, தஞ்சாவூர் மறைமாவட்டம் 1952இல். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919, தென்னிந்தியத் திருச்சபை 1947. வாசலில் இந்தப் பெயர்ப்பலகை புதிதாகத் தொங்குவதால் கட்டடம் புதிது என்று ஆகிவிடாது.

பழைய கல்லில் ஆண்டு தமிழ் எண்ணில் இருந்தால் இடமதிப்பு பார்த்துப் படிக்கக் கூடாது. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௲௭௱௰௮ என்றால் ஆயிரம், ஏழு நூறு, பத்து, எட்டு: 1718. விளம்பி, பிரபவ என்று வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பும். 1718, 1778, 1838, 1898 நாலுமே விளம்பிதான். எழுத்தமைப்பு, ஆட்கள் பெயர், மாத தேதிக்கு ஒத்த கிழமை எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் எந்த விளம்பி என்று சொல்ல முடியும். பழைய எழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டிருப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ், எண்ணெய், கரி, கோதுமை மாவு எதையும் தேய்க்காதீர்கள். சுண்ணாம்புப் பூச்சில் எண்ணெய் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது, சாக்பீஸைத் துடைக்கும்போது உதிரும் பூச்சும் சேர்ந்து வரும். பிளாஷ் நேராக அடித்தால் எழுத்து தட்டையாகிவிடும். காலை எட்டு மணிக்குள்ளோ மாலை நாலரைக்கு மேலோ சாய்வெயில் கல்லை உரசிப் போகும்போது பாருங்கள். வெயில் படாத இடம் என்றால் கல்லை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் டார்ச் பிடித்து, முழுக் கல்லுக்கு ஒரு படம், வரிவரியாகச் சில படங்கள். கல்லறைத் தோட்டத்துக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்பின் போகாதீர்கள்: குடும்பங்கள் அழுதுகொண்டிருக்கும் நேரம் அது, புதிதாக அடித்த சுண்ணாம்பில் எழுத்தும் அடைபட்டிருக்கும். இரண்டு மழை கழுவியபின், பிப்ரவரியில், அதே கல் படிக்கக் கிடைக்கும்.