பூரி மாதிரி உப்பிய பேட்டரி: முதல் ஆர்சி காரில் செய்யக் கூடாதவை

ரிமோட்டில் ஓடும் மாடல் காரை, அதாவது ஆர்சி காரை, ஓட்டத் தொடங்கியபோது வாங்கிய என் முதல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி நாலு முறைகூட ஓடவில்லை. ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை இரவு, மறுநாள் மைதானத்துக்குப் போகலாம் என்று முழுக்க சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்தேன். ஞாயிறு வேறு வேலை வந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. அடுத்த ஒரு வருடத்தில் இந்தப் பொழுதுபோக்கில் நான் இழந்த காசையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மோதி உடைந்ததைவிட, வீட்டு மேசையில் நானே கெடுத்ததுதான் அதிகம்.

முதலில் வாங்கும்போது நடக்கும் தவறு. பொம்மைக் கடை ரிமோட் காரில் ஒரு பாகம் போனால் வண்டியே குப்பை. ஹாபி கிரேடு, அதாவது பொழுதுபோக்காக ஓட்டுபவர்களுக்கென்றே செய்யும் காரில் மோட்டார், வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி, ஸ்டீயரிங்கைத் திருப்பும் செர்வோ, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் எல்லாம் தனித்தனி. உடைந்ததை மட்டும் மாற்றலாம். கூடுதல் விலை கொடுப்பதே அதற்காகத்தான். ஆனால் பலரும் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன் அந்த மாடலின் முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை), ஸ்பர் கியர் (மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) மூன்றும் உள்ளூரில் கிடைக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அது விலை உயர்ந்த பொம்மை, அவ்வளவுதான்.

சரி, பேட்டரிக்கு வருவோம். லிப்போவில் ஒரு செல்லின் முழு சார்ஜ் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெடத் தொடங்கும். சும்மா வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். நல்ல சார்ஜர்களில் இதற்கென்றே 'ஸ்டோரேஜ்' என்று ஒரு முறை இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் ஓட்டப்போவதில்லை என்றால் அதில் போட்டு எடுத்து வையுங்கள். நம் ஊர் வெயிலில் முழு சார்ஜோடு கிடக்கும் பேட்டரி சீக்கிரம் உப்பும்.

சார்ஜ் ஏற்றும்போது, எல்லா செல்லிலும் சமமாக ஏற உதவும் பேலன்ஸ் வயரையும் சேர்த்தே மாட்டுங்கள். 5000 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பேட்டரி என்றால் 5 ஆம்பியர் வைத்தால் போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், சார்ஜரில் பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. நிக்கல் பேட்டரிக்கான முறையில் லிப்போவைப் போட்டால், சார்ஜர் 4.2 வோல்ட்டில் நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே போகும், தீப்பிடிக்கும். சார்ஜ் போட்டுவிட்டுக் கடைக்குப் போவது, மெத்தைமேல் வைத்து ஏற்றுவது, இரண்டும் வேண்டாம். உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் பக்கத்திலேயே நிற்காதீர்கள்.

இஎஸ்சியிலும் இதே பிழை ஒளிந்திருக்கிறது. ஹாபிவிங் 1060 போன்ற இஎஸ்சிகளில் பேட்டரி வகையை மாற்ற ஒரு சின்ன ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் குட்டி இணைப்பான்) உண்டு. அது நிக்கல் பக்கம் இருந்தபடியே லிப்போவை மாட்டினால், வண்டி சரியான வோல்ட்டில் நிற்காது; செல் வற்றும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்கோ 'இன்னிக்கு ரொம்ப நேரம் ஓடுதே' என்று சந்தோஷம்.

அப்புறம் கருவிகள். டாமியா டிடி-02 மாதிரி ஜப்பானியக் கிட்களில் (நாமே பூட்டிக்கொள்ளும் கார்களில்) வரும் கூட்டல்குறித் தலை ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவில் இருக்கும். வீட்டில் கிடக்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராது; வழுக்கி வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். தலையில் அறுகோணக் குழி இருக்கும் ஆலன் ஸ்க்ரூ உள்ள வண்டிகளுக்கு 1.5, 2, 2.5 மி.மீ. நல்ல டிரைவர்களை முதல் நாளே வாங்குங்கள். பெட்டியோடு வரும் வளைந்த எல் வடிவக் கம்பியை நம்பினால், பிறகு ஸ்க்ரூவைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். எனக்கு வந்தது.

ஸ்க்ரூ கழலாமல் இருக்க நீல நிற லாக் திரவம் போடுவது நல்லது. ஆனால் உலோகத்தில் உலோகம் போகும் இடத்தில் மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

புதிதாக வருபவர்கள் விழும் அடுத்த குழி அலுமினியம். பிளாஸ்டிக் ஆர்ம் ஒருமுறை உடைந்ததும், பளபளக்கும் அலுமினிய ஆர்மைத் தேடிப் போகிறார்கள். பிளாஸ்டிக் வளைந்து அடியைத் தாங்கும். தாங்க முடியாதபோது அது மட்டும் உடையும். அலுமினியம் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். இல்லாவிட்டால் அடியை உள்ளே இருக்கும் கியர்பாக்ஸுக்கு அனுப்பும். காசு கையில் இருந்தால் பால் பேரிங்குக்குச் செலவிடுங்கள். டிடி-02 கிட்களில் பலவற்றில் குண்டுகள் இல்லாத சாதாரண வளையமான புஷ்தான் வருகிறது; அந்த இடத்தில் 11 மி.மீ. வெளிவிட்டம், 5 மி.மீ. உள்விட்டம் உள்ள பேரிங் போட்டால் வண்டி இலகுவாக உருளும்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் எலெக்ட்ரானிக்ஸுக்கு மட்டும். மழைத் தண்ணீரில் ஓட்டிவிட்டு அப்படியே பரணில் போட்டால் பேரிங் துருப்பிடிக்கும். துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். கடற்கரை மணல் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது; உப்பு எதையும் விட்டுவைக்காது.

மோட்டாரிலிருந்து வரும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுழற்றும் பெரியது ஸ்பர். பினியனை மாற்றிப் பூட்டும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்து நெருக்கி, ஸ்க்ரூவை முடுக்கி, பிறகு காகிதத்தை உருவிவிடுங்கள். அந்த இடைவெளி போதும். இன்னும் நெருங்கினால் வண்டி கீச்சிடும், மோட்டார் சுடும்; விலகினால் ஸ்பரின் பல் மொட்டையாகிவிடும். முழு வேகத்தில் முன்னே போகும் வண்டியைச் சடாரென்று ரிவர்ஸில் தள்ளினாலும் அதே கதிதான்.

இனி மைதானம். முதலில் கையில் இருக்கும் ரிமோட்டை ஆன் செய்யுங்கள், பிறகு வண்டியை. அணைக்கும்போது வண்டி முதலில். இந்த வரிசை மாறினால், சில வண்டிகள் சிக்னல் இல்லாமல் தானாகக் கிளம்பிவிடும். முதல் நாள் புல்தரையைத் தவிர்த்துவிடுங்கள். புல் மோட்டாரை மண்ணைவிட அதிகம் இழுக்கவைத்துச் சூடாக்கும். ஐந்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி, மோட்டார்மேல் விரலை வையுங்கள். மூன்று விநாடிகூட வைக்க முடியவில்லை என்றால் ஆறவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு பல் குறைந்த பினியனை மாட்டுங்கள். வேகம் கொஞ்சம் குறையும். மோட்டார் அடுத்த வாரமும் இருக்கும்.