கிட்டார் மோடலருக்கு மலிவான பவர்டு ஸ்பீக்கர்: எதைப் பார்த்து வாங்குவது?

ஹெட்போனில் கேட்டால் மோடலர் (கிட்டார் ஆம்பின் ஒலியை நகல் எடுத்துத் தரும் சிறு பெட்டி) அருமையாக இருக்கிறது, வீட்டுக் கரோக்கே ஸ்பீக்கரில் மாட்டினால் காது கூசுகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் புதிதாகக் கிட்டார் எடுத்த தம்பிகள் என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது. ஆம்ப் வாங்கக் காசு பற்றாமல் ஸூம், வாலெட்டன், மூவர் என்று ஏதாவது ஒரு பெட்டியை ஆன்லைனில் வரவழைத்திருப்பார்கள். பெட்டியில் குறை ஒன்றும் இல்லை. அதற்குத் தோதான பவர்டு ஸ்பீக்கர், அதாவது ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்தான் இல்லை.

அதை வாங்கப் பெரிய தொகை வேண்டாம். ஆனால் தோட்டப்புற ஊர்களில் ஸ்பீக்கர் என்றாலே திருவிழாவுக்குக் கட்டும் ஆளுயரப் பெட்டிதான் எல்லார் நினைவுக்கும் வருகிறது. அங்கேதான் காசு வீணாகிறது. படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: மோடலர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிட்டார் ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் வெளியே விடாது. செலெஸ்டியன் விண்டேஜ் 30 என்ற பேர்போன 12 அங்குல ஸ்பீக்கரின் எல்லை 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே இருக்கும் கீச்சொலி பெரும்பாலும் அடிபட்டுப் போகும். டிஸ்டார்ஷன் போட்டாலும் ஆம்பின் சத்தம் இதமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மோடலர் ஆம்பை மட்டுமல்ல, அந்த ஸ்பீக்கர் பெட்டியையும் அதற்கு முன்னால் வைத்த மைக்கையும் சேர்த்தே நகல் எடுக்கிறது. மெனுவில் 'கேப்' அல்லது 'ஐஆர்' என்று வருவது இதுதான். ஆக, மோடலரிலிருந்து வெளியே வருவது ரெக்கார்டிங் முடிந்த கிட்டார் ஒலி. இதைச் சாதாரணக் கிட்டார் ஆம்பின் முன்பக்க இன்புட்டில் மாட்டினால், கேப் மேல் இன்னொரு கேப் ஏறி ஒலி மங்கிப்போகும். நமக்கு வேண்டியது வருவதை வந்தபடியே தரும் ஸ்பீக்கர். எஃப்ஆர்எஃப்ஆர் என்று விற்பனைக்காரர்கள் சொல்வது இதைத்தான். முழு அலைவரிசையும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் வரவேண்டும், அவ்வளவுதான் அதன் பொருள்.

ஒரு இலவச வழியும் உண்டு. வீட்டில் பழைய கிட்டார் ஆம்ப் கிடக்கிறதா? அதன் பின்னால் 'எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்' என்று ஒரு துளை இருக்கிறதா? மோடலரில் கேப்பை அணைத்துவிட்டு அதில் செருகிப் பாருங்கள். திருப்தியாக இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

படி 2: யாருக்காக ஸ்பீக்கர் என்று முடிவு செய்யுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான படி இது.

கோவில் திருவிழாவிலோ கல்யாண மண்டபத்திலோ வாசிக்கப் போகிறீர்கள் என்றால், கூட்டத்துக்குக் கேட்கவைப்பது உங்கள் வேலை இல்லை. அங்கே சவுண்ட் சிஸ்டம் போடும் அண்ணன் இருப்பார். "தம்பி, லைன மட்டும் குடு, மத்தத நான் பாத்துக்குறேன்" என்பார். மோடலரின் ஒரு அவுட்புட் அவருடைய மிக்ஸருக்குப் போகும். இன்னொன்று உங்கள் காலடியில் இருக்கும் ஸ்பீக்கருக்கு வரும். அதாவது நீங்கள் வாங்கும் ஸ்பீக்கர் உங்களுக்கும் பக்கத்தில் நிற்கும் இரண்டு மூன்று பேருக்கும் கேட்டால் போதும். திடலை நிரப்பும் பெட்டிக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே இதற்கு ஆகும்.

வீட்டில் மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் கணக்கு வேறு. தாமான் வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். இரவு எட்டு மணிக்கு மேல் 12 அங்குல ஸ்பீக்கரைத் திறக்க முடியாது. 5 அங்குல ஸ்டூடியோ மானிட்டர் ஒரு ஜோடி போதும். யமஹா எச்எஸ்5, ஜேபிஎல் 305பி போன்றவை இந்த வகை. மேசையில் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்தவை இவை. டிரம்ஸுக்குப் பக்கத்தில் 100 டெசிபெலைத் தாண்டும் இடத்தில் இவற்றை வைத்து முடுக்கினால் தாக்குப்பிடிக்காது, கெட்டும் போகலாம்.

கலர் விளக்கு எரியும் சக்கரம் வைத்த கரோக்கே ஸ்பீக்கர் ஏற்கெனவே இருக்கிறதே, அது ஆகாதா? பெரும்பாலும் ஆகாது. பாடுவதற்கு இனிமையாக இருக்கட்டும் என்று அடியொலியையும் மேலொலியையும் தூக்கியே அவற்றைச் செய்கிறார்கள். கிட்டார் குடியிருக்கும் நடுப்பகுதி குழியாகிவிடும். புளூடூத்தில் இணைக்கலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். நரம்பைத் தட்டியதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் நன்றாகவே தெரியும் அளவுக்குத் தாமதம் இருக்கும். அப்படி வாசிக்கவே முடியாது.

படி 3: வாட்ஸைப் பார்த்து மயங்காதீர்கள்

அட்டைப்பெட்டியில் 2000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரும் அளவு அதில் பாதியோ அதற்கும் குறைவோ. சிறிய எழுத்தில் 'கன்டினியூயஸ்' அல்லது 'ஆர்எம்எஸ்' என்று இருப்பதைத் தேடிப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று: வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றச் சுமார் 10 டெசிபெல் கூடவேண்டும். ஆகவே 500 வாட்ஸ் பெட்டிக்குப் பதில் 1000 வாட்ஸ் பெட்டிக்கு அதிகக் காசு கொடுத்தால், கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். 'மேக்ஸிமம் எஸ்பிஎல்' (அதிகபட்ச ஒலி அளவு, டெசிபெலில்) என்ற எண்ணை ஒப்பிடுவது நல்லது. அதுவும் வழக்கமாக ஒரு மீட்டர் தூரத்துக்குச் சொல்லப்படுவது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 120 என்றால் நான்கு மீட்டரில் 108.

படி 4: அளவு

8 அங்குலம் தூக்க லேசு, மோட்டாரில் பின்னால் கட்டிக்கொண்டு போகலாம். டிரம்ஸ் இல்லாத பயிற்சிக்குச் சரி. 12 அங்குலம் டிரம்ஸோடு தாக்குப்பிடிக்கும். 15 அங்குலம் வேண்டவே வேண்டாம். கிட்டாரின் கீழ் ஈ நரம்பு 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருக்கும் உறுமலுக்காகப் பெரிய கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) வாங்கி என்ன பயன்? தவிர, கோன் பெரிதாக ஆக, நடுப்பகுதி ஒலி பக்கவாட்டில் பரவாமல் நேராகவே போகும்.

புதிதாக வாங்குபவருக்கு 10 அங்குலம் என்பது என் கட்சி. யமஹா டிபிஆர்10 இதற்கு நல்ல உதாரணம். பத்தரைக் கிலோ, ஒரு கையால் தூக்கலாம், சாய்த்து வைத்து மானிட்டராகவும் பயன்படுத்தலாம். அது பட்ஜெட்டுக்கு மேலே போனால் ஹெட்ரஷ் எஃப்ஆர்எஃப்ஆர்-108, ஆல்ட்டோ, பெரிங்கர் என்று இறங்கி வரலாம். ஹெட்ரஷ், ஆல்ட்டோ இரண்டும் இன்மியூசிக் என்ற ஒரே நிறுவனத்தின் பிராண்டுகள். 'எஃப்ஆர்எஃப்ஆர்' என்று பெயர் போட ஒரு தரச்சான்றும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆகவே அந்த எழுத்துகளுக்காகக் கூடுதலாக ஒரு வெள்ளி கொடுக்காதீர்கள். சாதாரணப் பாட்டு ஸ்பீக்கர் நேர்மையாக ஒலித்தால் அதுவே போதும்.

படி 5: கடையில் சோதித்துப் பாருங்கள்

ஆன்லைனில் விலை பார்க்கலாம், ஆனால் வாங்குவதற்கு முன் ஈப்போ வரை ஒரு நடை போய்வாருங்கள். நம் ஊரிலிருந்து அரைமணி நேரம்தான். உங்கள் கிட்டார், உங்கள் மோடலர், மோடலர் பக்கம் கால் அங்குலப் பிளக்கும் ஸ்பீக்கர் பக்கம் எக்ஸ்எல்ஆரும் (மைக் கேபிளில் வரும் மூன்று ஊசிப் பிளக்) உள்ள ஒரு கேபிள், மூன்றையும் கொண்டுபோங்கள். தவுக்கே (கடை முதலாளி) போட்டுக் காட்டும் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிட்டாருக்கு எப்படி இருக்கும் என்று அது காட்டாது.

முதலில் எதையும் வாசிக்காமல் ஸ்பீக்கரை மட்டும் போட்டுக் காதை அருகில் வையுங்கள். 'உஸ்' என்ற சத்தம் எவ்வளவு? சிலவற்றில் பின்னால் காற்றாடி ஓடும். கடைச் சந்தடியில் தெரியாது, வீட்டு அறையில் தொல்லையாக இருக்கும்.

அடுத்து, டிஸ்டார்ஷன் போட்டு, வலது உள்ளங்கையைப் பிரிட்ஜ் மேல் அழுத்திக் கீழ் ஈ நரம்பை 'டுக் டுக்' என்று அடியுங்கள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நிற்கவேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்தால் பெட்டி அதிர்கிறது என்று பொருள். கையைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் அதிர்வு உள்ளங்கையிலேயே தெரியும். அப்புறம் டிஸ்டார்ஷனை எடுத்துவிட்டு ஒரு திறந்த ஜி கார்டைப் போட்டு, அது அடங்கும்வரை காத்திருங்கள். ஆறு நரம்பும் கேட்கிறதா? பி நரம்பில் 12-ஆவது ஃப்ரெட்டில் ஒரு நோட்டை இழுத்துப் பிடியுங்கள். காதில் ஊசி குத்துவதுபோல் இருந்தால் மேலொலி தரும் ஹார்ன் சரியில்லை, அந்த ஸ்பீக்கரைத் தள்ளிவைத்துவிடலாம்.

கடைசியாக, நண்பரை வாசிக்கவிட்டு நீங்கள் ஸ்பீக்கருக்கு நேர் எதிரிலிருந்து மெல்லப் பக்கவாட்டில் நடந்துபோங்கள். நாலு எட்டு வைப்பதற்குள் ஒலி கம்பளிக்குள் போனதுபோல் ஆகிவிட்டால், மேடையில் பாஸ் வாசிப்பவர் உங்களைக் கேட்கவே மாட்டார். இதையெல்லாம் நீங்கள் வாசிக்கும் சத்தத்திலேயே செய்யவேண்டும். தவுக்கே முகம் சுளிப்பார், சிரித்துச் சமாளியுங்கள்.

படி 6: மாட்டுவது

மோடலரில் 'லெஃப்ட்/மோனோ' என்று எழுதிய அவுட்புட்டிலிருந்து ஸ்பீக்கரின் இன்புட்டுக்குக் கேபிள் போடுங்கள். மோடலர் அமைப்பில் அவுட்புட்டை 'லைன்' என்று வையுங்கள். ஸ்பீக்கரில் 'மைக்/லைன்' சுவிட்ச் இருந்தால் அதையும் லைனிலேயே வையுங்கள். மைக்கில் விட்டால் மெல்ல வாசித்தாலும் உடைந்த சத்தம் வரும், நல்ல ஸ்பீக்கரைக் குறை சொல்லத் தொடங்கிவிடுவோம். ஸ்பீக்கரின் குமிழ் நடுவில் இருக்கட்டும், ஏற்றி இறக்குவதை மோடலரில் செய்யுங்கள். போடும்போது ஸ்பீக்கர் கடைசி, அணைக்கும்போது ஸ்பீக்கர் முதல். மிக்ஸருக்கும் ஸ்பீக்கருக்கும் சேர்த்துக் கொடுக்கும்போது 'ம்ம்ம்' என்று இரைந்தால், மோடலரில் 'கிரவுண்ட் லிஃப்ட்' பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கின் எர்த் ஊசியை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

படி 7: ஒலியைச் சரிசெய்வது

ஸ்பீக்கரின் ஈக்யூவை (அடியொலி, மேலொலியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) அணையுங்கள். டிபிஆர்10-இல் 'டி-கான்டூர்' என்று இருக்கும், அதை 'ஆஃப்' செய்யுங்கள். பிறகு மோடலரில் கேப்புக்குப் பின்னால் லோ கட் (அதற்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுவது) 80 முதல் 100 ஹெர்ட்ஸ், ஹை கட் (அதற்கு மேலே உள்ளதை வெட்டுவது) 6000 முதல் 8000 ஹெர்ட்ஸ் என்று வைத்துத் தொடங்குங்கள். பாதிப் புகார்கள் இத்தோடு தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, இரவில் மெல்லக் கேட்டு அமைத்த பேட்சை (மோடலரில் சேமித்த ஒலி அமைப்பை) அப்படியே மேடைக்குக் கொண்டுபோவதால் வருகிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடியொலியும் உச்சியொலியும் சரியாக எட்டாது. 1933-இலேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். கேட்கவில்லையே என்று நாம் இரண்டையும் கூட்டி வைப்போம். சத்தத்தை ஏற்றியதும் கீழே உறுமும், மேலே கீறும். ஞாயிறு மதியம், பக்கத்து வீட்டுக்காரர் வெளியே போன நேரமாகப் பார்த்து, முழுச் சத்தத்தில் தனியாக ஒரு பேட்ச் அமைத்து வேறு பெயரில் சேமித்து வையுங்கள்.

ஸ்பீக்கரை மூலையில் தள்ளாதீர்கள், சுவர்கள் அடியொலியைப் பெருக்கும். நாற்காலி உயரத்தில் வையுங்கள், அல்லது தரையில் சாய்த்து ஹார்ன் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். முழங்காலுக்கு நேராக வைத்துவிட்டு 'ஷார்ப்பே இல்லை' என்று டிரெபிளைக் கூட்டுபவர்கள் நிறையப் பேர்.

படி 8: பழையது வாங்கினால்

முடா, காரோசெல் தளங்களில் பாதி விலைக்குக் கிடைக்கும். நேரில் போய்ப் பாருங்கள். பின்பக்கத்தில் மின்னழுத்தம் என்ன போட்டிருக்கிறது? நம் நாட்டில் 230 வோல்ட்ஸ். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட்ஸ் என்றிருக்கும், நேராக மாட்டினால் புகைதான். கிரில் வழியாக டார்ச் அடித்து, கோனின் ஓரம் வெடித்திருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தோட்டப்புறத்தில் மூடிய ஸ்டோரில் கிடந்த பெட்டி என்றால் பூஞ்சணம் சாதாரணம். ஹார்னில் காதை வைத்து மேலொலி வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். ஹார்ன் செத்த ஸ்பீக்கரும் அடியொலி தரும் வூஃபர் தயவில் கத்திக்கொண்டுதான் இருக்கும், பலருக்குத் தெரியாது. அரைமணி நேரம் ஓடவிட்டுப் பிறகு காசைக் கொடுங்கள்.

வாங்கி வந்த பிறகு, மழை இருட்டிக்கொண்டு வந்தால் சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். நம் பக்கத்து இடிக்குச் சுவிட்ச் ஒரு பொருட்டே இல்லை.